இன்னும் தண்ணீரில் இருப்பவன்

கூடாரம் அடித்து முடித்தபோது வெயில் இறங்கிவிட்டது. முன்னால், எரிமலைக் குழம்பு கடலில் விழுந்து இறுகிய கரும்பாறைகள். பின்னால் தாழைக் காடு. அன்று அந்தக் கடற்கரைப் பூங்காவில் அவர்கள் மூவரைத் தவிர யாரும் தங்கவில்லை.

கியோலா மறுபடி பாறைக்கு இறங்கினான். பாட்டியிடம் விட்டுவந்த மகளுக்கு நாளை மறுநாள் முதல் பிறந்தநாள். ஓபிஹி சிப்பி இல்லாத விருந்தை அவன் வீட்டில் விருந்தென்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். பாறையில் ஒட்டியிருக்கும் அதை அலை விலகும் நொடியில் கத்தியால் நெம்பி எடுக்க வேண்டும். முதல் பை நிறைந்து, மனைவி நோஹேயாவின் காலடியில் கிடந்தது.

"விசிலடிச்சுக்கிட்டே இருப்பேன். கேட்டா உயிரோட இருக்கேன்னு வச்சுக்க."

இரண்டு நீளம், ஒரு குட்டை. சிரித்துக்கொண்டே போனான்.

அவன் அண்ணன் பிலிப்போ பையைக் காலால் தள்ளினான். "ஏ ஹோனலூலு பட்டணத்துக்காரி, வாய் ஊறுதோ? எடுக்கிறவன் தண்ணியில இருக்கையில கரையில உள்ளவங்க தின்னா கடல் பொங்கும். தெரியும்ல?"

"தெரியும் அத்தான். நானும் கடல் பார்த்து வளர்ந்தவதான்."

"கடையில வாங்கின மீனைப் பார்த்து வளர்ந்தவ."

கல்யாணமானதிலிருந்தே இந்தக் கேலிதான். ஐந்து வருடமாகிவிட்டது. அவள் விசில் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விளக்கேற்றியபோதுதான் உறைத்தது. விசில் நின்றிருந்தது.

"கியோலா!"

பாறை விளிம்பில் அவன் தலை தெரிந்தது. நோஹேயாவுக்கு மூச்சு வந்தது.

அவன் பேசாமல் வந்து விளக்குக்கு முதுகு காட்டி உட்கார்ந்தான். கையில் பையும் இல்லை, கத்தியும் இல்லை. குளிர்ந்த சாம்பல் வாடை அடித்தது.

"ஏன்டா இவ்வளவு நேரம்? இவ அழவே ஆரம்பிச்சுட்டா," என்றான் பிலிப்போ.

ஈரக் கை பைக்குள் போனது. ஓட்டோடு கடித்து மெல்லும் சத்தம்.

"அவனே தின்னாச்சு. இனி நமக்கென்ன?" பிலிப்போவும் ஒன்றை உறிஞ்சினான்.

கடல் உறுமியது.

அடுத்த அலை பாறையைத் தாண்டி வந்து கூடாரத்தின் கயிற்றை அறுத்தது. பிலிப்போவின் வாய் பாதியில் நின்றது.

"அவன்தான் கரையேறிட்டானே..." அவன் குரல் இறங்கிப்போனது. "அப்புறம் யாரு தண்ணியில இருக்கா?"

இருட்டுக்குள்ளிருந்து விசில் வந்தது.

இரண்டு நீளம், ஒரு குட்டை.

பிலிப்போ தம்பியின் பெயரைக் கத்திக்கொண்டு பாறையை நோக்கி ஓடினான். நோஹேயா பையைப் பிடித்து இழுத்தாள். "திங்காத! அவனை விட்டுடு!"

ஈரக் கை பையை விடவில்லை. இன்னொன்று வாய்க்குள் போனது.

இன்னொன்று.

கடலிலிருந்து இரண்டு நீளம் கேட்டது. குட்டைக்காக அவள் காத்திருந்தாள்.

அது அவள் காதருகே, மென்றுகொண்டிருந்த வாயிலிருந்து கேட்டது.