ஏழு சொன்ன ஜாடி

வெள்ளிக்கிழமை என்றால் மேகபுரியில் பல் மாற்றும் நாள். விடிந்ததும் குடும்பம் குடும்பமாகப் பல் அச்சகத்துக்குப் போய், தேய்ந்த ஒட்டுப்பற்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, இயந்திரம் சுடச்சுட அச்சடித்துத் தரும் புதுப் பற்களை மாட்டிக்கொண்டு வருவார்கள். வரிசையில் பொக்கை வாயோடு நின்று ஊர்வம்பு பேசுவது அவர்களுக்கு ஒரு தனி சுகம்.

மேகபுரி, வெள்ளிக் கிரகத்தின் மேகங்களில் மிதக்கும் ஊர். சுற்றிலும் கந்தக அமில மேகம். அதை உறிஞ்சிக் காய்ச்சி, பூமியிலிருந்து வந்த சுண்ணாம்புப் பொடியைக் கலந்து அமிலத்தை முறித்தால் குடிநீர். இருபது வயதுக்குள் பற்கள் கரைந்துபோவதற்கு 'வெள்ளிப் பல்நோய்' என்று பெயர் வைத்து, அந்த ஊர் வெளிச்சத்தின் மேல் பழியைப் போட்டிருந்தார்கள். பெயர் வைத்துவிட்டால் பாதி நோய் தீர்ந்த மாதிரிதான் நமக்கு.

மாதங்கி நீர்ச் சோதகராக வேலைக்குச் சேர்ந்து இரண்டே வாரம். அவள் மகள் குழலிக்கு ஆறு வயது. பால்பல் விழுந்த இடத்தில் முளைத்த முதல் பல், மூன்றே மாதத்தில் ஓரம் மெலிந்து கண்ணாடியாகிவிட்டது. "ஒட்டுப்பல் மாட்டணும்னா அடிப்பல் கெட்டியா இருக்கணும்மா. இவளுக்கு இப்படியே போனா வாய்ல எதுவும் நிக்காது" என்று பல் மருத்துவர் சொன்னதிலிருந்து மாதங்கிக்குச் சோறு இறங்கவில்லை.

வேலை என்னவோ எளிதுதான். காலையில் அமிலமானியை, அளவு திருத்துவதற்கென்று வைத்திருக்கும் சமநீர் ஜாடிக்குள் முக்கி, முள்ளைத் திருகி ஏழில் நிறுத்த வேண்டும். ஏழு என்றால் அமிலமும் இல்லை, காரமும் இல்லை. அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம், மேலே ஏற ஏறக் காரம். பிறகு அதே மானியைக் குடிநீர்த் தொட்டியில் விட்டுப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஏழு காட்டும். பதினோரு வருடமாக ஒரு நாள்கூட மாறாத ஏழு. ஊருக்கே அதில் பெருமை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குழலி கேட்டாள் என்று சங்குப்பூ டீ போட்டாள் மாதங்கி. பொட்டலத்துப் படத்தில் டீ நீலமாக இருந்தது. டம்ளரிலோ ரோஸ் நிறம்.

"நீலம்தான் வேணும்" என்று குழலி அழுதாள். அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது. ஏசியிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பிடித்துக் கொதிக்கவைத்து இன்னொரு டம்ளர் போட்டாள். அது பளிச்சென்று நீலம்! மாதங்கி இரண்டு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அமிலம் பட்டால் சங்குப்பூ நீலம் ரோஸாகும் என்பது அவள் பள்ளியில் படித்த பாடம்.

மூச்சிரைக்க ஓடிப்போய் மேலதிகாரி சவரிமுத்துவின் முன்னால் நின்றாள். அவருக்குப் பதவி உயர்வு வரும்வரை அவரே சோதகராக இருந்தவர்.

"சார், இந்த ஜாடியில தண்ணி கொறைஞ்சா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவோம், தொட்டியிலேர்ந்து ரொப்பி வெப்போம். ரெண்டும் ஏழுதானேம்மா?"

மாதங்கிக்கு விஷயம் புரிந்துவிட்டது. தொட்டித் தண்ணீர் சரியா என்று பதினோரு வருடமாகத் தொட்டித் தண்ணீரையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்! கிடங்கின் அடியில் பிரிக்காமல் கிடந்த சமநீர்ப் பொடியைத் தேடியெடுத்து, ஏசித் தண்ணீரில் கரைத்து, மானியைத் திருத்தித் தொட்டியில் விட்டாள். முள் சரிந்து இரண்டரையில் நின்றது.

"நாலரைதானே கொறஞ்சிருக்கு, இதுக்கா இந்தப் பதற்றம்?" என்றார் சவரிமுத்து.

"ஒவ்வொரு படியும் பத்து மடங்கு சார். ஏழுலேர்ந்து ஆறுக்கு வந்தா பத்து, அஞ்சுக்கு வந்தா நூறு. இது முப்பதாயிரம் மடங்கு! என் பொண்ணு பல்லை நானே கரைச்சு ஊத்தியிருக்கேன்."

சவரிமுத்து சுவரில் தொங்கிய தன் விருதை நிமிர்ந்து பார்த்தார். ஏழுதான் இருக்கிறதே என்று சுண்ணாம்பை வருடா வருடம் குறைத்து, சிக்கனத்துக்கு விருது வாங்கியவர் அவர்தான். புளிப்பு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் ஊரில் ஒரு நாக்குக்கும் உறைக்கவில்லை.

"சரி, மிச்சம் பிடிச்ச சுண்ணாம்பெல்லாம் எங்க சார்?"

அவர் ஜன்னலைக் காட்டினார். வெளியே ஊரே வெள்ளையடித்துப் பளபளத்தது. கிடங்கில் ஒரு மூட்டைகூட மிச்சமில்லை.

அன்றே பூமிக்குச் செய்தி போனது. 'குடிநீர் இரண்டரை. நான்காயிரம் பேரின் பற்கள் போய்விட்டன. அவசர உதவி தேவை.' நல்லவேளையாகக் கப்பல் ஒன்று கிளம்பத் தயாராக இருந்தது. அதை விட்டால் அடுத்தது பத்தொன்பது மாதம் கழித்துத்தான். அதற்குள் குழலிக்கு முன்பல் வரிசை முழுக்க முளைத்து, முழுக்கக் கரைந்தும் போயிருக்கும். 'உங்கள் தண்ணீருக்கு வேண்டியது இந்தக் கப்பலிலேயே வருகிறது' என்று பதில் வந்தபோது மாதங்கி வாய்விட்டு அழுதாள்.

நான்கு மாதம் ஏசித் தண்ணீரைப் பிள்ளைகளுக்கு மட்டும் டம்ளர் கணக்கில் அளந்து கொடுத்தார்கள். ஒரு வழியாகக் கப்பல் வந்தது. முதல் மூட்டையை மாதங்கியே கிழித்தாள். வெள்ளைப் பொடி கொட்டியது. நம்பிக்கையோடு ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தாள்.

சர்க்கரை!

அடுத்த மூட்டையிலும் சர்க்கரை. அதற்கடுத்த பெட்டியில் பழுப்புச் சாயம். பின்னால் வரிசையாக வாயு உருளைகள். சவரிமுத்து கடிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தார்.

"'பதற்றம் வேண்டாம். எங்கள் பிள்ளைகள் விருந்துக்கும் பிறந்தநாளுக்கும் அடம்பிடித்து வாங்கிக் குடிக்கும் பானத்தின் அமில அளவும் இதே இரண்டரைதான். காசு கொடுத்து நாங்களே வாங்கித் தருகிறோம். உங்கள் தண்ணீரில் குறைவது இனிப்பும் நிறமும் நுரையும் மட்டுமே. அனுப்பியிருக்கிறோம்.'"

"பாவிங்களா! தெரிஞ்சேவா குடுக்கறீங்க?" என்று மாதங்கி கத்தினாள். நாங்களாவது தெரியாமல் குடித்தோம் என்று சொல்லிக் கடிதத்தைப் பிடுங்கிக் கசக்கினாள்.

"ஒரு வாய் குடிச்சுத்தான் பாரேன்" என்றார் சவரிமுத்து. அதற்குள் ஒரு குவளை கலக்கியிருந்தார், மீசையில் நுரை.

மாதங்கி அதைத் தட்டிவிட்டுத் திரும்பினாள். சரக்குக் கதவுக்கு வெளியே வரிசை சேர்ந்து தெருமுனை வரை போயிருந்தது. எல்லார் கையிலும் பாத்திரம். எல்லாருக்கும் முன்னால் நின்ற குழலி, "அம்மா, எனக்கு ரெண்டு!" என்று விரல்களை நீட்டினாள்.