நாலாம் குடிலின் பதில்

நானும் என் தங்கையும் அந்த நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு திங்கட்கிழமை காலை. பேருந்தை விட்டு இறங்கி மண்பாதையில் நடந்தபோது, ஆறு பிளாஸ்டிக் குடில்கள் வெயிலில் வெள்ளை வெளேரென்று வரிசையாக நின்றன. "யானைக்குக் கொசுவலை கட்டின மாதிரி இருக்குல்லக்கா?" என்றாள் அவள். எனக்கு முதல் நாள் படபடப்பு. "வாயை மூடிட்டு வா. கேட்டோட திருப்பி அனுப்பிடப் போறாங்க" என்றேன். அவளாவது வாயை மூடுவதாவது! குளிக்கும்போதும் பாடுவாள், சாப்பிடும்போதும் பேசுவாள். ஒரே வாரத்தில் அங்கே எல்லோரும் அவளை ரேடியோ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

அம்மா போனபோது அவளுக்கு ஏழு வயது, எனக்குப் பதினெட்டு. அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் நான்தான். என் கல்யாணம் நிலைக்காமல் பெட்டியோடு திரும்பி வந்தபோது நான் படுத்து அழுதது அவள் மடியில். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மற்றதைக் கேட்டுவிட்டு, தங்கைமேல் அக்கறையில்லாதவள் என்று யாரும் என்னைச் சொல்லிவிடக் கூடாது.

எங்கள் வேலை ரோஜா ஒட்டுக் கட்டுவது. காட்டு ரோஜாவின் பட்டையைக் கீறி, நல்ல ரோஜாவிலிருந்து சீவி எடுத்த கணுமொட்டை உள்ளே செருகி, மெல்லிய நாடாவால் இறுக்கிச் சுற்ற வேண்டும். தங்கை இடக்கைக்காரி. அவள் சுற்றும் நாடா மற்றவர்களுடையதற்கு எதிர்ப்பக்கமாகப் போகும். ஆயிரம் செடிக்கு நடுவிலும் அவள் கட்டியதைத் தனியாக எடுத்துவிடலாம்.

நாலாம் குடிலில் நாங்கள் மொட்டு சீவி எடுக்கும் தாய்ச்செடிகள் இருந்தன. அவற்றுக்குச் சாம்பல் நோய் வராமலிருக்க, சனிக்கிழமை வேலை முடிந்ததும் குடிலை மூடிக் கந்தகப் புகை போடுவார்கள். புகைச் சட்டிகள் உள்ளே தொங்கும், அவற்றின் சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கும். மூடுவதற்கு முன் சூப்பர்வைசர் வாசலில் நின்று மூன்று தடவை குரல் கொடுப்பார். அது முதலாளி போட்ட கட்டளை.

முதல் சனிக்கிழமை நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

ஈர மண் வாசனை. கூரையிலிருந்து சொட்டும் நீர். வேறு சத்தமில்லை.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

மூன்றாவது தடவை கேட்டதும் உள்ளேயிருந்து பதில் வந்தது.

"இருக்கேன். இதோ வந்துட்டேன்."

பெண் குரல். கத்தி, கூடை எல்லாவற்றையும் எடுத்துவைத்துக்கொண்டே அவசரமாகச் சொல்கிற குரல்.

சூப்பர்வைசர் கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டினார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், உங்களுக்குக் காது கேக்கலையா? உள்ள ஆள் இருக்காங்க!"

"யாரும் இல்லம்மா. சந்தேகமா இருந்தா போய்ப் பாத்துட்டு வா" என்று திறந்துவிட்டார். மனிதர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஓடினேன். பன்னிரண்டு வரிசை. ஒவ்வொன்றிலும் இலைகள் மட்டும் லேசாக அசைந்துகொண்டிருந்தன, அப்போதுதான் யாரோ உரசிக்கொண்டு போனதுபோல. கடைசிச் சுவர் வரைக்கும் போய்விட்டேன். ஒருவரும் இல்லை. 

தட்டுகளில் மண் நிரப்பும் அக்கா வெளியே என்னைக் குழாயடிக்குக் கூட்டிக்கொண்டு போய் முகம் கழுவவைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "மூணு வருசத்துக்கு முன்னாடி, இங்க ஒட்டுக் கட்டிட்டிருந்தவ உள்ள இருக்கிறது தெரியாம மூடிட்டாங்க. மறுநாள் காலையில கதவுக்குப் பக்கத்துல கெடந்தா. அதுக்கப்புறம்தான் குரல் குடுக்கணும்னு முதலாளி சொன்னாரு. குரல் குடுக்க ஆரம்பிச்சதும் பதிலும் வர ஆரம்பிச்சிருச்சு. மொதல்ல ஒவ்வொரு தடவையும் உள்ள போய்த் தேடுவோம். எத்தனை நாள்தான் தேடுறது, சொல்லு. விட்டுட்டோம்."

கூடவே வந்து நின்ற தங்கை சிரித்தாள். "பரவால்லையே, கூப்பிட்டா பதில் சொல்லுதே. எங்கக்காவைக் கூப்பிட்டா 'ம்'னு கூட சொல்லாது."

வீட்டுக்கு வந்த பிறகும் அன்று என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. வேறு வேலை தேடிக்கொள்வோம் என்றேன். "அதுபாட்டுக்கு அது இருக்கு, நம்மபாட்டுக்கு நாம இருப்போம்க்கா" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டாள்.

அடுத்த வாரமும் குரல் வந்தது. அதற்கடுத்த வாரமும். ஐந்தாவது வாரம் நான் குரல் வரும்போது கொட்டாவி விட்டேன். மூன்று மாதத்தில், மாட்டுக்குக் கழுத்து மணி பழகுவதுபோல அது எனக்குப் பழகிவிட்டது. பழகக் கூடாதது பழகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை நான் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்டது. மூன்றாவது தடவைக்குப் பதிலும் கேட்டது.

"இருக்கேன். இதோ வந்துட்டேன்."

கொண்டி மாட்டும் சத்தம். சுவிட்ச் சத்தம். நான் நகக்கண்ணில் ஒட்டியிருந்த நாடாப் பிசினைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். குரல் அன்றைக்குச் சற்று வேறு மாதிரி இருந்தது என்று தோன்றியது. தோன்றியும் தேய்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் பாவத்தை எங்கே போய்ச் சொல்வது!

கேட்டுக்கு வந்தேன். தங்கை இல்லை. ஆளாளுக்கு ஒரு நேரத்தில் கிளம்புகிற இடம், முன்னால் போயிருப்பாள் என்று பாதையை எட்டிப் பார்த்தேன். பாதை காலியாகக் கிடந்தது.

தட்டுக்கார அக்கா பின்னாலிருந்து கேட்டாள். "ரேடியோவா? கத்தியை நாலாம் குடில்ல வச்சிட்டேன்னு போனாளே."

எப்படி ஓடினேன் என்று தெரியாது. கொண்டியைப் பிடுங்கிக் கதவைத் திறந்ததும் புகை முகத்தில் அறைந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. நெஞ்சுக்குள் மிளகாயை அரைத்து அப்பினதுபோல் எரிந்தது. முந்தானையை மூக்கில் அழுத்திக்கொண்டு, கையால் துழாவிக்கொண்டே போனேன். முள் கிழித்தது.

"எங்கடி இருக்க?"

இடப்பக்கம் யாரோ இருமினார்கள். திரும்புவதற்குள் வலப்பக்கத்திலிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது.

"இருக்கேன். இதோ வந்துட்டேன்."

கிடைத்த கையை விடாமல் இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். முதுகுக்குப் பின்னால் இருமல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது நான் இழுத்து வருகிறவளின் இருமல் என்றுதான் நினைத்தேன்.

வெளியே வந்து பார்த்தேன். என் தங்கைதான். அதே முகம், அதே மஞ்சள் சுடிதார். அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அவள் அமைதியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரு தடவைகூட இருமவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள். நுரையீரல் தேறிவிட்டது, நல்ல காலம் என்றார்கள். வீட்டுக்கு வந்த பிறகு அவள் பாடவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். சன்னல் திறந்தே இருக்க வேண்டும் என்றாள். விடியற்காலையில் எழுந்து வாசலில் நின்று மூச்சை நன்றாக இழுத்து இழுத்து விடுவாள், பசித்தவள் சாப்பிடுவதுபோல. பயந்திருக்கிறாள், நாளாக நாளாகச் சரியாகிவிடும் என்று நர்ஸ் சொன்னார். நானும் அதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் அவளே வேலைக்குக் கிளம்பினாள். வேண்டாம் என்று கெஞ்சினேன். "கை சும்மா இருக்க மாட்டேங்குதுக்கா" என்றாள். மேசையில் உட்கார்ந்தவள் கத்தியை வலக்கையில் எடுத்தாள். நான் ஒரு செடி முடிப்பதற்குள் அவள் மூன்று முடித்துவிட்டாள். அவள் கட்டிய செடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாடா எல்லாம் மற்றவர்களுடையதைப்போலவே போயிருந்தது. தட்டுக்கார அக்கா நாடாவின் நுனியில் போட்டிருந்த இரட்டை முடிச்சை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். அவள் முகம் வெளிறிவிட்டது. "இது அவ கட்டு. கதவுக்குப் பக்கத்துல கெடந்தாளே, அவ" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து போனவள், மறுநாளிலிருந்து வேலைக்கே வரவில்லை.

பழைய சூப்பர்வைசரை அனுப்பிவிட்டார்கள். குடில் மூடும் பொறுப்பு என்னிடம் வந்தது. இனி தலையை எண்ணி, எல்லோரும் வெளியே நிற்பதைப் பார்த்த பிறகுதான் மூட வேண்டும் என்பது புது உத்தரவு.

அந்தச் சனிக்கிழமை எண்ணினேன். பதினேழு பேர். பதினேழு பேரும் வெளியே நின்றார்கள். தங்கை என் தோளோடு தோளாக நின்றாள். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வாசலில் நின்று குரல் கொடுத்தேன்.

"உள்ள யாராவது இருக்கீங்களா?"

சத்தமில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. அப்பாடா என்றிருந்தது. மூன்றாவது தடவை பாதிக் குரலில் கேட்டேன்.

"அக்கா..."

பக்கத்தில் நின்ற தங்கையைத் திரும்பிப் பார்த்தேன், அவள் வாய் அசையவில்லை.

"அக்கா, வெளையாடாதக்கா. வந்து கூட்டிட்டுப் போ. இங்க யாருமே இல்ல."

உள்ளே பாய்ந்தேன். பன்னிரண்டு வரிசையும் தேடினேன். நான் மூன்றாவது வரிசையில் இருந்தால் குரல் நாலாவதில் கேட்டது. நாலாவதுக்குப் போனால் ஐந்தாவதில். கடைசிச் சுவரை அடைந்தபோது அது எனக்குப் பின்னால், கதவுப் பக்கம் இருமியது. சின்ன வயதில் கக்குவான் வந்தபோது என் நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டு இருமுவாளே, அந்த இருமல்.

கதவடியில் யாரும் இல்லை. வெளியே மற்றவர்கள் எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். அவள் மட்டும் என் பையையும் தன் பையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கதவை விடாமல் பிடித்துக்கொண்டேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். கதவைச் சாத்தினாள். கொண்டியை மாட்டி, சுவிட்சைப் போட்டாள்.

உள்ளே இருமல் கூடிக்கொண்டே போனது.

என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"அழாதக்கா. எனக்கும் மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சு. அவளுக்கும் பழகிடும்."