கீறல் விழுந்த பக்கம்

எழுந்தான். பல் தேய்த்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான். இரண்டு கோப்பைகளை எடுத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தான். மனைவி இறந்து மாதக்கணக்காகியும் கைக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை. ரொட்டியை வெட்டினான். ஒரு துண்டைத் தின்றான்.

அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு பையனும், அவனைவிடச் சின்னவளாக ஒரு பெண்ணும் நின்றார்கள். இருவர் காலிலும் செருப்பில்லை. மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களின் பிள்ளைகளாக இருக்கும் என்று நினைத்தான்.

"அண்ணா, பசிக்குது," என்றான் பையன்.

"வீட்ல யாரும் இல்லையா?"

"அப்பா விறகு எடுக்கப் போயிருக்காரு."

"இவ்வளவு காலையிலயா?"

"போய் ரொம்ப நாளாச்சு," என்றாள் பெண்.

சின்னப் பிள்ளைகள் பேச்சு. உள்ளே விட்டான். சமையலறை மேஜையில் உட்காரவைத்து மீதி ரொட்டியைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனான். திரும்பி வந்தபோது தட்டு கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. பிள்ளைகளைக் காணோம். தரையில் மட்டும் ரொட்டித் துணுக்குகள். சிந்தியவை மாதிரி இல்லை. அளந்த இடைவெளியில், யாரோ பார்த்துப் பார்த்துப் போட்டவை மாதிரி கிடந்தன. அவை வாசலுக்குப் போகவில்லை. கூடத்தைக் கடந்து, அவள் அறைக்குள் போயின.

குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டே போனான். கடைசித் துணுக்கு அறையின் எதிர்ச்சுவரோரம் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் பார்த்தான். கல் திரும்பியிருந்தது.

அவள் மண்ணுக்கடியிலிருந்து பழங்காலப் பொருள்களைத் தோண்டி எடுக்கும் வேலை பார்த்தவள். காட்டோரம் ஓர் இடிந்த வீட்டையும், ஆள் நுழையும் அளவுக்குப் பெரிய அடுப்பையும் தோண்டினார்கள். அந்த அடுப்பின் வாயை மூடியிருந்த கல் இது. அலுவலகக் கிடங்கு ஒழுகியதால் கொஞ்ச நாளைக்கு என்று வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதன் ஒரு பக்கம் வழவழப்பு. அடுப்பின் உட்புறம் பார்த்திருந்த மறுபக்கம் முழுக்க நகக் கீறல்.

"எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான்," என்றாள் அன்றைக்கு. "விறகு எடுக்கப் போறேன்னு அப்பா காட்டுல விட்டுட்டுப் போன அண்ணன் தங்கச்சி. வழி தெரிய ரொட்டியைப் பிச்சுப் போட்டுக்கிட்டே போனவங்க. பிள்ளை தின்னிக் கிழவி. அவளை அடுப்புல தள்ளிட்டுத் தப்பிச்சு வர்றாங்க. அந்தக் கதைக்குப் பின்னாடி நிஜமாவே ஒரு பஞ்சம் இருந்திருக்கு. ஒரு ரொட்டிக்காரி இருந்திருக்கா. இது அவ அடுப்புன்னுதான் நினைக்கிறேன்."

"உள்ள இருந்தது கிழவியா?"

"எலும்பைப் பாத்தா என் வயசுதான். தனியா இருந்தா, வீட்ல மாவு இருந்துச்சு. அவ செஞ்ச தப்பு அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் சூனியக்காரின்னாங்க?"

"கதையைச் சொன்னது யாரு? அவளா எந்திரிச்சு வந்து சொல்லப்போறா? உயிரோட வீடு திரும்பினவங்கதானே சொல்லியிருப்பாங்க."

"சாமி, முதல்ல அதைத் திருப்பி வை. இதைப் பாத்துக்கிட்டு மனுஷன் தூங்க முடியுமா?"

பயந்தாங்கொள்ளி என்று சிரித்தாள். அலுவலக ஆட்கள் மூச்சு வாங்க வாங்க, கீறல் பக்கத்தைச் சுவரோடு ஒட்டித் திருப்பவைத்தாள். "போதுமா? இப்ப நீ அடுப்புக்கு வெளிய இருக்கே. நிம்மதியாத் தூங்கு."

இப்போது கீறல்கள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அங்கே நின்றபடியே மைத்துனனைப் போனில் கூப்பிட்டான்.

"மச்சான், நீ வந்து அந்தக் கல்லைத் திருப்பி வச்சியா?"

"அதை அசைக்க யானை வேணும் மாப்ளே. நான் சாப்பிடுற சோத்துக்கு நாற்காலியே நகராது. நீ ஏதாச்சும் சாப்பிட்டியா?" பதிலுக்குக் காத்திராமல் தொடர்ந்தான். "அம்மா தினமும் கேக்கறாங்க. அவ கடைசியா ஏதாவது சொன்னாளா?"

"எல்லாரையும் பாத்துக்கச் சொன்னா." வழக்கமாகச் சொல்வதைச் சொன்னான்.

"ம்... சரி, அங்க என்ன சத்தம்? விறகு அடுக்குற மாதிரி கேக்குது?"

அவனுக்கும் கேட்டது. கதவுக்கு வெளியே, கூடத்தில், காய்ந்த கட்டையின்மேல் காய்ந்த கட்டையை வைக்கும் சத்தம், அவசரமே இல்லாமல், சின்னக் கைகளால் தூக்க முடிந்த அளவு கொஞ்சம் கொஞ்சமாக, நடுநடுவே மூச்சு வாங்கி நின்று மறுபடி தொடர்ந்தது. அதோடு ஒரு வாசனையும் வந்தது. முதலில் புளித்த மாவு, பிறகு சூடேறும் செங்கல், பிறகு ஓரம் சிவக்கத் தொடங்கிய ரொட்டி. கதவு எப்போது சாத்திக்கொண்டது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மாப்ளே? என்னாச்சு?"

போன் கையைச் சுட்டது. உதறினான். விழுந்து அணைந்தது.

கதவுக்கு ஓடினான். கைப்பிடி இருந்த இடத்தில் கைப்பிடி இல்லை. தாழ்ப்பாள் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பினான். திரைக்குப் பின்னால் செங்கல். தொட்டான். கொதித்தது.

இப்படித்தான் அவளும் இந்த அறையில் கிடந்தாள். கதவை உடைத்துத் தூக்கியபோது அவள் உடம்பு அனலாகக் கொதித்தது. விஷக் காய்ச்சல் என்றார் டாக்டர். நகங்கள் ஏன் உடைந்திருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

கதவைத் தடவினான். புதுக் கதவு. உடைத்ததற்குப் பதிலாக அவன் போட்ட கதவு. விரல்கள் பள்ளங்களில் இறங்கின. மெல்லிய, அருகருகான பள்ளங்கள். அவள் விரல்களின் அகலம் அவனுக்குத் தெரியும்.

வியர்வை வரவில்லை. வருவதற்குள் காய்ந்தது.

வெளியே தங்கை கேட்டாள்: "அண்ணா, வெந்துருச்சா?"

"இன்னும் கொஞ்ச நேரம்," என்றான் பையன்.

கத்தினான். தொண்டை வறண்டிருந்தது. காற்று கிடைக்கவில்லை. அவள் கீறல்களுக்குப் பக்கத்தில் நகத்தை வைத்தான். இழுத்தான். மறுபடி. மறுபடி.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், காரில், அவன் மடியில் அவள் ஒரு தடவை கண் திறந்தாள். எல்லாரையும் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை. காய்ச்சலில் உளறுகிறாள் என்று நினைத்ததால் அவள் சொன்னதை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

"பசிக்குதுன்னாங்க. சின்னப் பிள்ளைங்கதானேன்னு உள்ள விட்டேன்."