மொட்டையாய் ஒரு ‘வா’

“உட்கார்” என்றாள். நாய்க்குட்டி உட்காரவில்லை. அவளுக்குப் பின்னால் கிடந்த பிரம்பு நாற்காலிதான், பாரம் ஏறியதுபோல் மெல்ல முனகியது.

மழைக்கு முந்தைய புழுக்கத்தில் பிரம்பு அப்படித்தான் சத்தம் போடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கையில் பிஸ்கட் துண்டு பிசுபிசுத்தது. கணவன் வேலை முடிந்து வர இன்னும் நேரம் இருந்தது. நாலு வயது மகள் கூடத்தில் குப்புறப் படுத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஜன்னலோரம் போய் மண்டியிட்டு, குட்டியைப் பார்த்து “வா” என்றாள். குட்டி வாலைக்கூட அசைக்கவில்லை. நாற்காலி மறுபடி முனகியது, பாரம் இறங்கும் முனகல். பிறகு ஈரத்துணி தரையில் இழுபடுவது போன்ற ஓசை ஒன்று, அவசரமில்லாமல், சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு, கூடத்தைக் கடந்து வந்து, அவள் முழங்காலுக்கு முன்னால் நின்றது. நாள்பட்ட பூச்சாடித் தண்ணீரின் வாடை.

குட்டி சோபாவுக்கடியில் புகுந்து, அங்கேயே சிறுநீர் விட்டது.

நாய்ப் பயிற்சியாளரைப் போனில் அழைத்தாள். குட்டி பயப்படுகிறது என்று மட்டும் சொன்னாள்.

“பேர் வச்சாச்சா மேடம்?”

“இன்னும் இல்ல. அவருக்குப் பிடிச்சா எனக்குப் பிடிக்கல.”

“நல்ல கூத்து! பேர் சொல்லாம மொட்டையா ‘வா’ன்னா, யாரைக் கூப்பிடுறீங்கன்னு எப்படித் தெரியும்? அப்புறம் கண்டதெல்லாம் வந்து நிக்கும்.”

அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

ஈரத்துணி ஓசையோடு வாடை நகர்ந்தது. மகள் பக்கமாக. வண்ணப் பென்சில் ஒன்று தானாக உருண்டது.

“போ” என்றாள். “போ!”

ஓசை நின்றது. திரும்பியது. வாசல் கதவு திறந்துகொள்ள, வெளிக்காற்று உள்ளே வந்தது. அவள் மூச்சு விட்டாள்.

மகள் தலைதூக்கிப் பார்த்தாள்.

“யாரையும் ‘போ’ன்னு சொல்லக்கூடாதும்மா. நீதானே சொன்ன?” கதவைப் பார்த்துக் கையசைத்தாள். “போயிட்டு வா!”

வாயைப் பொத்துவதற்குள் மகள் சொல்லி முடித்துவிட்டாள்.

அவள் பாய்ந்து போய்க் கதவைச் சாத்தினாள். தாழ் போட்டாள். ஓடிவந்து மகளின் இடக்கையைப் பற்றிக்கொண்டாள். வெளியே மழை பிடித்தது. வேறு சத்தமில்லை.

தாழ் விலகியது.

அந்த வாடை.

“வந்துட்டியா? சமத்து!” மகள் வலக்கையை நீட்டினாள். “கை குடு.”

பிஞ்சு விரல்கள் ஒன்றோடொன்று நெருங்கின. நசுங்கின. வெளுத்தன.

“அம்மா, வலிக்குது.”

“விடு” என்றாள்.

அந்தச் சொல்லை அவள் குட்டிக்குக்கூட இன்னும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

“விடு. விடு.”

மகளின் குதிகால்கள் தரையை விட்டு எழும்பின.