நாற்பதுக்குக் கீழே போனால்

பல் துலக்குவதற்கு முன்னாலேயே மானிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். தேரிக்காட்டுப் பந்தயப் பொறியியல் கல்லூரியின் பெண்கள் விடுதியில், உதவித்தொகையில் படிக்கிற பிள்ளைகளுக்குப் பொழுது இப்படித்தான் விடியும். காலரில் குத்தியிருக்கும் விலகல்மானி பொத்தான் அளவுதான். ஒரு கேள்வி கேட்கும். பட்டென்று பதில் சொல்ல வேண்டும். அது ஓர் எண்ணைச் சொல்லும். அந்த எண்ணைப் பொறுத்துத்தான் காலைக் காப்பி தொண்டையில் இறங்குவதும் இறங்காததும்.

அன்றைக்கு விண்ணரசியிடம் அது கேட்டது: "தடத்தில் பாதி ஈரம், பாதி காய்ந்திருக்கிறது. எந்த டயரை மாட்டுவீர்கள்?"

"இடைநிலை டயர்," என்றாள். சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"விலகல், நாற்பத்தொன்று."

"அடிப் பாவி! புத்தகத்துல இருக்கிறதை அப்படியே ஒப்பிச்சியா?" அறைத்தோழி செங்கொடி போர்வையை உதறிவிட்டு எழுந்தாள். வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பெண். அவளுடைய எண் எழுபதுக்குக் கீழே இறங்கியதே கிடையாது.

"வாயில வந்துட்டு செங்கொடி. நான் என்ன செய்ய?"

"இதுக்குத்தான் ரொம்பப் படிக்காதேன்னு தலைப்பாடா அடிச்சுக்கிறேன். பாஸ் மார்க் போதும். மீதி நேரம் தூங்கு."

விஷயம் வேறொன்றுமில்லை. ஒரு காலத்தில் எல்லாப் பந்தய அணிகளும் கார் வடிவமைக்கிற வேலையை வடிவறிவி என்கிற செயற்கை அறிவு இயந்திரங்களிடம் விட்டன. எல்லா இயந்திரமும் ஒரே கணக்கைப் போட்டு ஒரே காரைத்தான் கக்கின. கார்கள் ஒன்றையொன்று முந்த முடியாமல் ஊர்வலம் போயின. பார்க்க வந்த சனம் கொட்டாவி விட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனது. அப்புறம்தான் முதலாளிகளுக்கு விழிப்பு வந்தது. பந்தயத்தின் முடிவுகளை மனிதர்தான் எடுக்க வேண்டும், அதிலும் வேறு மாதிரி யோசிக்கிற மனிதர் வேண்டும் என்றார்கள். இந்தத் துறையின் வாசலைக்கூட மிதித்திராத வீடுகளைத் தேடினார்கள். கடல் தொழில், தேயிலைத் தோட்டம், செங்கல் சூளை என்று அலசி, முதுநிலைப் படிப்புக்குக் கட்டணம், சாப்பாடு, விடுதி எல்லாம் கொடுத்தார்கள்.

நல்ல காரியம்தான். ஆனால் சேர்ந்த பிறகும் வேறு மாதிரியே யோசிக்க வேண்டும் என்பது நிபந்தனை. உலகத்துப் பொறியாளர்கள் சொல்கிற பதிலையே நீயும் சொன்னால் விலகல் இறங்கும். நாற்பதுக்குக் கீழே போனால், "நீங்கள் இனி பிரதிநிதித்துவம் குறைந்த பிரிவினர் அல்லர், வாழ்த்துகள்" என்று மானி சொல்லும். சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டும். படிக்காவிட்டால் தேர்வு வெளியே தள்ளும். படித்தால் மானி வெளியே தள்ளும். என்ன கொடுமை இது!

சேர்க்கை நேர்காணலில், வளைவில் காரின் பின்பக்கம் வழுக்கினால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். மணப்பாட்டுக் கடற்கரையில் வளர்ந்த விண்ணரசி, "வள்ளம் சாஞ்சா ஆளு எதிர்ப்பக்கம் போய் உக்காருவோம். அது மாதிரி ஓட்டுறவரோட இருக்கையை நகத்தக் கூடாதா?" என்றாள். விலகல் தொண்ணூறு. இன்றைக்கு அதே கேள்வியைக் கேட்டால் கீழழுத்தம், இறகுக் கோணம் என்றுதான் வாய் போகிறது. பாடம் அவ்வளவு பிடித்துப்போயிருந்தது. அதுதான் அவளுக்கு வந்த வினை.

போதாக்குறைக்கு அம்மா போன் செய்தாள். "ஏட்டி, என்ன நீ டீச்சரு கணக்கா பேசுத? நம்ம வீட்டுப் பிள்ளைதானான்னு இருக்கு!" அம்மா பெருமையாகத்தான் சொன்னாள். விண்ணரசியின் விரல் காலரில் இருந்த மானியைத் தேடிப் போனது.

அன்று களத்தேர்வு. உண்மையான கார், உண்மையான ஓட்டுநர். தடத்தோரச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று, தலையில் ஒலிக்கருவியை மாட்டிக்கொண்டு மாணவர்கள்தான் முடிவு சொல்ல வேண்டும். இதில் சொல்லும் பதிலுக்கு மானி இரட்டிப்பு மதிப்புக் கொடுக்கும். அவளுக்கு வாய்த்த ஓட்டுநர் மைதீன். காயல்பட்டணத்துக்காரன், அவள் வயதுதான், பக்கத்து ஊர் என்பதால் எப்போதும் கிண்டல்.

செம்மண் பறக்க நாலாவது சுற்றை முடித்தபோது அவள் முன்னாலிருந்த திரையில், பின்பக்க இடது டயரின் வெப்பக்கோடு சிவப்பைத் தொட்டது. டயரின் தோல் கொப்பளிக்கத் தொடங்கிவிட்டது. இதற்குப் பதில் ஒன்றே ஒன்றுதான். உள்ளே கூப்பிட்டு டயரை மாற்ற வேண்டும். முதல் பருவத்துப் பிள்ளைகூடச் சொல்லும்.

"என்னம்மா இன்ஜினியரு, பின்னாடி ஒரு மாதிரி ஆடுதே. உள்ள வரவா?" என்று கேட்டான் மைதீன்.

எல்லாரும் சொல்கிற பதில். சொன்னால் நாற்பதைத் தாண்டிக் கீழே போய்விடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மணப்பாட்டில் போய் இறங்குகிற காட்சி கண் முன்னால் வந்தது. ஒரு சுற்றுதானே, தாங்கிவிடாதா?

"விண்ணு, காதுல விழுதா?"

"வேண்டாம். இன்னும் ஒரு சுற்று போ. வளைவுல வெளிப்பக்கமா எடு."

"நீ சொன்னா சரி," என்றான் அவன்.

"விலகல், ஐம்பத்தெட்டு," என்றது மானி. அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வந்தது. உண்மையாகவே வந்தது; அதைத்தான் பின்னால் அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அடுத்த வளைவில் டயர் வெடித்தது. கார் இரண்டு முறை சுழன்று சுவரில் மோதியது.

மருத்துவமனை வராந்தாவில் அவளும் செங்கொடியும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ப் பெஞ்சில் மைதீனின் வாப்பா. வாய்க்குள் ஓதியபடி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். உள்ளே அறுவைச் சிகிச்சை. உயிருக்குப் பயமில்லை, வலது கை தேறுமா என்று இப்போதே சொல்ல முடியாது என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். கை தேறாவிட்டால் அவன் இனி எந்தக் காரிலும் ஏற முடியாது.

காலரில் மானி அதிர்ந்தது. "விபத்துக்குப் பிந்தைய கேள்வி. விபத்துக்குக் காரணம் என்ன?"

"ஏதாவது கோணலாச் சொல்லித் தொலை," என்று செங்கொடி காதைக் கடித்தாள். "இப்பத்தான் மேல ஏறியிருக்கு."

விண்ணரசிக்கு அலுத்துப்போயிற்று. ஒழியட்டும் இந்தப் படிப்பு. மனுசராகப் பிறந்த யாரும் சொல்கிற பதிலைச் சொல்வோம், எண் விழட்டும், வீட்டுக்குப் போவோம் என்று நினைத்தாள். குனிந்து, காலருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "காரணம் நான்தான். உள்ளே கூப்பிடணும்னு எனக்குத் தெரியும். எண்ணு குறைஞ்சிடும்னு கூப்பிடல."

மானி இத்தனை நேரம் எடுத்துக்கொண்டு அவள் பார்த்ததில்லை. பிறகு வராந்தா முழுக்கக் கேட்கிற குரலில் அறிவித்தது.

"டயர் பழுது, தரவு போதவில்லை, தடத்தில் மணல் ஆகியவையே வழக்கமான பதில்கள். இத்துறையில் எவரும் இதுவரை தராத பதில் இது. விலகல், தொண்ணூற்றாறு. உங்கள் உதவித்தொகை படிப்பு முடியும் வரை உறுதி செய்யப்படுகிறது. வாழ்த்துகள்."

அவள் காலரைப் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

எதிர்ப் பெஞ்சில் மணி உருட்டுகிற சத்தம் நின்றது. "ஓதிக்கிட்டிருந்தேன், வாழ்த்துன்னு மட்டும் காதுல விழுந்துச்சே மகளே," என்றார் மைதீனின் வாப்பா. முகமெல்லாம் வெளிச்சமாகிவிட்டது அவருக்கு. "நல்ல சேதியா? கையைக் காப்பாத்திட்டாங்களா?"

விண்ணரசி வாயைத் திறந்தாள். என்ன சொன்னாலும் இதற்கும் ஓர் எண் வரும். கண்ணில் நீர்தான் கொட்டியது.

அவர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். "அழாதேம்மா, நல்லதுக்கு எதுக்கு அழுவே," என்று அவள் தலையைத் தொட்டுவிட்டு, போனை எடுத்து வீட்டை அழைத்தார். "கை தப்பிச்சிருச்சு. ஆமா, அந்தக் காலேஜுல படிக்கிற பிள்ளைதான். அதுக்குத்தான் முதல்ல சேதி வந்திருக்கு."