கமடோரின் தங்க மட்டை

பிற்பகல் 2.10. உல்லாசக் கப்பலின் பதினோராம் தளத்தில் கமடோர் ஹார்லன் பிக்ஸ்பி தம் தோல் பெட்டியைத் திறந்தார். உள்ளே வெல்வெட் இருந்தது. தங்க முலாம் பூசிய கோல்ஃப் மட்டை இல்லை.

"திருட்டு!"

அவர் போட்ட சத்தத்தில் நீச்சல் குளத்தில் மிதந்தவர்கள் ஒருமுறை மூழ்கி எழுந்தார்கள்.

கமடோர் என்றதும் கடற்படையை நினைத்துவிடக் கூடாது. ஃபுளோரிடாவில் ஓர் ஏரி; அதில் நான்கு படகுகள்; அந்த நான்குக்கும் ஒரு சங்கம். அதன் தலைவர் அவர்.

2.30க்கு மினி கோல்ஃப் இறுதி ஆட்டம். எதிராளி, பார்படோஸ் தீவில் முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற மிஸ் ஒலிவீன்.

கப்பலின் ஹோட்டல் மேலாளர் ஃபான் டைக் வந்தார். விசாரணை என்று எதுவும் இல்லை. திடலைக் கவனிக்கும் ரொசெட்டாவிடம் நேரே திரும்பினார்.

"பெட்டி உன் பொறுப்புலதானே இருந்துச்சு? ஆட்டம் தொடங்குறதுக்குள்ள மட்டை வரணும். இல்லேன்னா நாளைக்கு நீ கரைக்கு இறங்க முடியாது."

நாளை பார்படோஸின் பிரிட்ஜ்டவுன் துறைமுகம். நாளை கடூமென்ட், ஊரே இறகு உடுப்பில் தெருவில் ஆடும் திருவிழா ஊர்வலம். ரொசெட்டாவின் கட்டிலுக்கு மேல் நீல இறகு உடுப்பு தொங்கிக்கொண்டிருந்தது. வருடம் முழுக்கக் கடலில் கிடப்பவளுக்குச் சொந்த ஊர்த் தெருவில் ஆட அந்த ஒரு நாள்தான்.

மதியம் திடலுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டு அவள் சாப்பிடப் போயிருந்தாள். கயிற்றை யாரும் தாண்டலாம். திடலை ஒரு சுற்றுச் சுற்றினாள். ஒன்பது குழிகள். காற்றாலை, ஆக்டோபஸ், கொள்ளைக்காரன் மண்டையோடு. ஏழாம் குழியில் ஒரு வெள்ளைக் கொடி படபடத்தது. அதைத் தொடாமல் விசாரிக்கத் திரும்பினாள்.

2.17. மிஸ் ஒலிவீன்.

"மதியம் எங்க இருந்தீங்க?"

"சாப்பிட்டேன். அப்புறமும் சாப்பிட்டேன். ஏன் செல்லம், அந்தாளு மட்டைய நான் எதுக்குத் தூக்கணும்? காலைல பழகுறப்ப, கப்பல் மட்டையாலயே நாலு தடவ தோக்கடிச்சேனே!"

"எதைப் பார்த்துக் குறி வெப்பீங்க?"

"தரையில பெயிண்ட்ல நம்பர் போட்டிருக்கீங்களே, அதைத்தான். இத விட்டா கோல்ஃப நான் எங்க பார்த்தேன்? பஸ்ஸுலயா?"

2.21. திருமதி டாட்டி பிக்ஸ்பி.

"வீட்டுக்காரரோட கோல்ஃபுக்குப் போவீங்களா?"

"முப்பத்தெட்டு வருஷத்துல ஒருநாள்கூட இல்ல. அதனாலதான் முப்பத்தெட்டு வருஷம் ஓடுச்சு."

2.24. கமடோர்.

"பெட்டிய கடைசியா எப்பத் தொட்டீங்க சார்?"

"பன்னெண்டு மணிக்கு. இதப் பாரு பொண்ணே, நான் பரந்த புல்வெளியில ஆடுறவன். இந்தப் பொம்மை ஆட்டத்துக்கு வந்ததே உங்களுக்கு மரியாதை. என் மட்டை இல்லாம ஆட மாட்டேன். ஆட்டத்த ரத்து பண்ணுங்க. கோப்பைய ரெண்டு பேருக்கும் பொதுவா வெச்சுக்கலாம்."

"பெரிய மனசு சார்!" ஃபான் டைக் நெகிழ்ந்துபோனார்.

2.27. ரொசெட்டா ஏழாம் குழிக்குப் போய்க் கொடியைப் பிடுங்கினாள். வெள்ளைத் துணி, சாப்பாட்டு மேசை நாப்கின். முடிச்சை அவிழ்த்தாள். தலைகீழாக நட்டிருந்த மட்டையின் தங்கத் தலை வெயிலில் பளிச்சிட்டது.

"அப்போ நீயே ஒளிச்சு வெச்சு..." என்று ஆரம்பித்தார் ஃபான் டைக்.

"சார், இந்தத் திடல்ல கொடியே கிடையாது. முதல் பயணத்துலயே ஒன்பதும் காத்துல கடலுக்குப் போயிடுச்சு. அப்புறம்தான் தரையில நம்பர். எனக்கு இங்க கொடியப் பார்த்தாலே கண்ணு உறுத்தும். நான் இப்படி ஒளிப்பேனா? மிஸ் ஒலிவீன் வேற திடலையே பார்த்ததில்ல. டாட்டி அம்மா கோல்ஃப் பக்கமே போனதில்ல. குழின்னா கொடி இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்கன்னு நெனைக்க ஒருத்தராலதான் முடியும். பரந்த புல்வெளியில ஆடுறவரு."

எல்லோரும் கமடோரைப் பார்த்தார்கள். கமடோர் அடிவானத்தைப் பார்த்தார்.

"நாலு தடவ தோத்ததுக்கா இது, ஹார்லன்?" டாட்டி சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் ஆக்டோபஸ் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அஞ்சு," என்றார் கமடோர் மெல்ல.

2.30க்கு ஆட்டம் தொடங்கியது. தங்க மட்டையோடு ஆடி அவர் ஆறாவது முறையும் தோற்றார். ஃபான் டைக் ரொசெட்டாவின் விடுப்புத் தாளில் கையெழுத்துப் போட்டார். குற்றவாளியைத் தாமே கண்டுபிடித்ததாக அறிக்கையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை 10.15, பிரிட்ஜ்டவுன். பாட்டு லாரிக்குப் பின்னால் ரொசெட்டா நீல இறகு விரித்து ஆடிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மிஸ் ஒலிவீன், மறுபக்கம் டாட்டி. மூவரின் கைப்பைகளையும் சுமந்தபடி கமடோர் பின்னால் வந்தார். இடுப்பு லேசாக அசைந்தது. அதை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.