அரக்குக் கலர் சீட்டு

காபி டபராவை நங்கென்று தரையில் வைத்தாள் கொளஞ்சி.

“வேணும்னு செஞ்சியோ, தெரியாம செஞ்சியோ... நேத்து இந்த வூட்டு மானம் தெருவுல நின்னுச்சுடி! இன்னிக்கு மறுவூட்டுக்குப் போயி அந்தப் பொண்ணோட அம்மா மூஞ்சில எப்படி முழிக்கிறது?”

ஓர்ப்படி கொளஞ்சிக்குப் பதில் சொன்னால் வேம்புவுக்கு அழுகை வந்துவிடும். அழுதால் அதற்கும் ஒரு பேச்சு கேட்க வேண்டும். உழவர்கரையில் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அவள் கற்றுக்கொண்ட பாடம் அது. பிள்ளைச்சாவடி மீனவர் வீட்டுப் பெண்ணைத் தெய்வசிகாமணி விரும்பிக் கட்டிக்கொண்டு வந்தபோதே மூக்கைச் சுளித்த வீடு. அவன் மாரடைப்பில் போன பிறகு கேட்கவா வேண்டும்?

அவன் விட்டுப்போனது ஒரு மகனும் ஒரு பழைய ஃபியட் காரும்தான். “எம்புள்ள கல்யாணம் முடிஞ்சி பொண்ணு மாப்ள இதுலதான் வரணும்” என்று சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் அண்ணன், கொளஞ்சியின் புருஷன் இராமதாஸ் அந்தக் காரைக் காயலான் கடைக்குத் தள்ளச் சொல்லாத வருஷம் இல்லை. வேம்பு விடவில்லை. மீன் விற்று விமல்ராஜைப் படிக்க வைத்தாள், அவனுக்கு வங்கியில் வேலை கிடைத்தது, கல்யாணமும் கூடியது. இஞ்சினை மெக்கானிக் சரிசெய்துவிட்டார். ரெக்சின் சீட்டுதான் வெயிலில் வெளுத்துச் சோகை பிடித்துக் கிடந்தது.

“புதுசா தச்சிடலாங்க்கா” என்றார் குஷன் கடை கோபிநாத். வேம்புவுக்கு மனம் ஒப்பவில்லை. புருஷன் உட்கார்ந்த ரெக்சினைக் கிழித்துப் போடுவதா? பழைய நிறத்தையே திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டு, கோபிநாத்திடமே கற்றுக்கொண்டாள். மார்க்கெட் முடிந்து வந்து காருக்குள் குந்தி உட்கார்ந்து, சோப்பு நுரையும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்தாள். காயவிட்டு, எண்ணெய்ப் பிசுக்குப் போக ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள். அப்புறம் மெல்லிசாகக் கலரை அடித்து, காயவிட்டு, மறுபடி அடித்தாள். அந்த அரக்கு நிறம் எழும்பி வந்தபோது செத்தவர் எழுந்து வந்ததுபோல் அழுதாள்! இன்னும் சரியாக இறுகவில்லை, எண்ணெய் பெட்ரோல் எதுவும் படக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வைத்தாள்.

அப்படியும் நேற்று நடந்துவிட்டது. மண்டபத்திலிருந்து அந்தக் காரில் வந்து இறங்கிய மருமகள் இனியாவின் சந்தன நிறப் பட்டுப்புடவையில், பின்பக்கம், சிவப்பாக ஒரு பெரிய கறை. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “ஐயையோ... பொண்ணு தூரமாயிட்டா போலக்கீதே!” என்றது ஒரு குரல். கொளஞ்சி தட்டைக் கீழே இறக்கிவிட்டாள். உண்மை தெரியும்வரை அந்தப் பெண் வாசற்படிக்கு வெளியே, தெருவே பார்க்க, தலைகுனிந்து நின்றாள். அவளைப் பெற்ற ராஜாம்பாள் கேவிக் கேவி அழுதாள். சீட்டுச் சாயம் என்று தெரிந்ததும் எல்லாக் கண்களும் வேம்புவின் பக்கம் திரும்பின.

அதைக்கூடத் தாங்கியிருப்பாள். பெற்ற மகன் எல்லோர் முன்னாலும் கத்தினானே... “தெரியாத வேலைய எதுக்கும்மா செய்யற? மீன் விக்கிறதோட நிக்க வேண்டியதுதான!”

வேம்பு எழுந்து காருக்குப் போனாள். எங்கே தப்பு செய்தோம்? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. கதவைத் திறந்ததுமே மல்லிகை வாசனை குப்பென்று அடித்தது. பூ வாசனை இல்லை, சென்ட். குனிந்து பார்த்தாள். உட்காரும் இடத்தில் மட்டும் சாயம் திட்டுத்திட்டாகக் கரைந்திருந்தது. சாய்மானத்தில் ஒரு பொட்டுகூடப் போகவில்லை. சென்ட்டில் இருப்பதும் ஸ்பிரிட்தானே! இறுகாத கலரில் அதைக் கொட்டினால் நிற்குமா?

“அத்தை...” பின்னால் இனியா வந்து நின்றாள்.

“ஏம்மா, சீட்டுல சென்ட் அடிச்சது யாரு?”

“அவர்தான் அத்தை. நான் ஏறுறதுக்கு முன்னாடி பாதி பாட்டில அடிச்சாரு.” அவள் தயங்கினாள். “அம்மா இதுலயே கெடந்தாங்க, மீன் வாடை வரும்னு சொன்னாரு...”

வேம்பு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாயம் ஏன் கரைந்தது என்று இனியாவுக்கும் அப்போதுதான் விளங்கியது.

“அப்ப... உங்க மேல தப்பே இல்லயே அத்தை! இருங்க, நான் போயி சொல்றேன்.”

“வேணாங்கண்ணு! உங்கால்ல வேணாலும் வுழறேன்... கட்டுன மறுநாளே புருசன் தலைகுனியலாமா? எம்மேலயே இருந்துட்டுப் போவட்டும்.”

“நேத்து தெருவுல நின்னது நானு அத்தை. என்னால முடியாது!” வேம்பு பிடித்த கையை உதறிக்கொண்டு உள்ளே போனாள் இனியா.

வீட்டுக்குள் பேச்சு எழுந்து, சட்டென்று அடங்கியது. முதலில் வாசலுக்கு வந்தது கொளஞ்சி. தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளைத் தாண்டி ஓடிவந்த விமல்ராஜ், பட்டு வேட்டியோடு தாயின் காலைக் கட்டிக்கொண்டான்.

“அம்மா... நான்தாம்மா பாவி! மன்னிச்சிடும்மா... என்ன அடிம்மா!”

“எழுந்திருடா. வேட்டி அழுக்காவுது பாரு.” அவன் தலையைத் தடவிக் கொடுத்தாள். பெற்ற வயிறு, வேறென்ன செய்யும்? “ஒம்மேல எனக்கென்னடா கோவம்...”

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். முன்கதவை அகலத் திறந்தான்.

“ஏறும்மா. மறுவூட்டுக்கு நீ எங்கூட, இதுல முன்னாடி உக்காந்து வரணும். நீ ஏறாம நான் வண்டிய எடுக்க மாட்டேன்!”

இத்தனை பாடுபட்ட காரில் வேம்பு ஒருநாள்கூடச் சவாரி போனதில்லை. நேற்றும் உறவுக்காரர்களோடு வேனில்தான் வந்தாள். சீட்டைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். அவன் அழுகை பொய்யில்லை. அவளுக்கு அது தெரியும்.

“வேணாம் ராசா. நான் ஏறுனா நீ கண்ணாடிய எறக்குவ. இல்லன்னா, எறக்கக் கூடாதுன்னு மூச்சப் புடிச்சிக்கிட்டு ஓட்டுவ. ரெண்டையும் என்னால பாக்க முடியாதுடா.”

“அம்மா...!”

“அவள நல்லா வச்சுக்க.” திகைத்து நின்ற மருமகளின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டியவள், பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். பிள்ளைச்சாவடியில் தம்பி வீடு இருந்தது. அங்கே போகக் காலாப்பட்டு பஸ் பிடிக்க நடந்தாள். விமல்ராஜ் கொஞ்ச தூரம் கூடவே வந்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.